இடது கண்ணுக்கு ஒரு பாட்டு

இங்க ஆளு வருதா அண்ணாச்சி? இல்லையா? அப்பக் கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, நானும் உக்காந்துக்கிடுதேன். இன்னைக்குக் கூட்டமாம், பிள்ளைகூட ஒரு ஆளுதான் உள்ள வரலாமாம். அம்மா வரட்டும், அப்பா வெளிய இருங்கன்னு சொல்லி அந்த நர்ஸ் பிள்ள கதவச் சாத்திட்டா. சாத்தட்டும். இன்னைக்கு எனக்கு ஒரு கவலையும் இல்ல.

மடியில கெடக்கது உங்க பையனா? சொட்டு மருந்து விட்டிருக்காவளோ? கொஞ்ச நேரம் எரியத்தான் செய்யும். எலே தம்பி, கையால தேய்க்காதடே. அப்பிடியே மூடிப் படுத்துக்க. என்ன படிக்கான்? யு.கே.ஜி.யா? கண்ணாடி போடணும்னு சொல்லிட்டாவளாக்கும். நீங்க சொல்லவே வேண்டாம், உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. போன வருசம் இதே பெஞ்சில நானும் இப்பிடித்தான் தரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல யாராச்சும் ஒரு வார்த்த பேசமாட்டாவளான்னு இருந்துச்சு. அதான் நானா வந்து பேசுதேன். தப்பா எடுத்துக்கிடாதிய.

நமக்குக் கோவில்பட்டி. டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன். நயினார் மாஸ்டர்னு கேட்டா எந்த ஆட்டோக்காரரும் கொண்டுவந்து விட்டுருவாரு. பெருமைக்குச் சொல்லல, எங்கிட்டப் படிச்சு லைசென்ஸ் டெஸ்ட்டுல பெயிலானவன்னு ஒருத்தனக் காட்டுங்க பாப்போம். அந்த ஆபீஸ்ல எந்த போர்டக் காட்டி என்ன அர்த்தம்னு கேப்பாவ, எந்த எடத்துல வண்டிய நிப்பாட்டச் சொல்லுவாவ, எங்க ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுவாவ, எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. அத மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிக் குடுத்துருவேன். ஸ்டியரிங்க எந்த மரத்துக்கு நேர வந்ததும் ஒடிக்கணும்னு மரத்தோட அடையாளம் காட்டிருவேன். கண்ண மூடிக்கிட்டே பாஸாயிருவான்.

எங்க ஊர்ல ஒரு ஜவுளிக்கடைக்காரரு, வயசாகிக் கார் ஓட்டப் படிச்சாரு. டெஸ்ட்டுல அப்பிடி ஒரு ஓட்டு ஓட்டுனாரு, பிரேக் இன்ஸ்பெக்டரே கை குடுத்தாரு. மறுவாரம் கார எடுத்துக்கிட்டுப் போய்த் தன் கடை ஷட்டர்லயே முட்டிட்டாரு. அங்க மரம் இல்லைல்லா! ஆனா டெஸ்ட்டு பாஸா இல்லையா? அதுக்கு மேல நடக்கதுக்கெல்லாம் நான் பொறுப்பாக முடியுமா, சொல்லுங்க.

அது கெடக்கு. பிள்ள கதைக்கு வாறேன். எம்மக பேரு கனிஷ்கா. வீட்டுல கனி. இப்ப ஒண்ணாப்பு படிக்கா. போன வருசம் பள்ளிக்கூடத்துக்குக் கண்ணு பாக்க வந்திருக்காவ. வலது கண்ண மூடிக்கிட்டு எழுத்த வாசின்னதுக்கு இவ வாயவே தொறக்கலையாம். உடனே ஒரு சீட்ட எழுதிக் குடுத்து விட்டுட்டாவ. எனக்கு வந்த கோவத்துக்கு, ஓட்டப் படிக்க வந்த ஆளக் கார்லயே உக்கார வச்சிட்டு நேரப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ட்டேன். 'எம்பிள்ளைக்கு எழுத்து தெரியாதுன்னா சொல்லுதிய? தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்லுவா'ன்னு சத்தம் போட்டேன். எல்லாரு முன்னாடியும் அவள நிறுத்தி, 'சொல்லுட்டி'ன்னேன். கடகடன்னு ஒப்பிச்சா பாருங்க, ஒரு எழுத்து தப்பல. அந்த டீச்சரு, 'சார், அவளுக்கு எழுத்து தெரியும் சார். கண்ணுக்குத்தான் தெரியல'ங்காவ. கேட்ட கேள்விக்கு அவ்வளவு சரியா பதில் சொன்ன பிள்ளையப் பாத்து இப்பிடிச் சொன்னா யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

அப்புறம் இங்க திருநெல்வேலிக்குக் கூட்டிக்கிட்டு வந்தோம். டாக்டரம்மா நல்ல மாதிரிதான், பொறுமையாச் சொன்னாவ. பிறக்கும்போதே இடது கண்ணுல பவர் ரொம்ப ஜாஸ்தியாம். அதுல சரியாத் தெரியாததுனால மூளை அந்தக் கண்ணக் கண்டுக்காம விட்டுருச்சாம். வலது கண்ண மட்டும் வச்சே இவ்வளவு நாளும் பாத்திருக்கா. கண்ணாடியும் போடணும், தெனமும் கொஞ்ச நேரம் வலது கண்ணுமேல பிளாஸ்டர் ஒட்டி அத மூடியும் வைக்கணும். அப்பத்தான் இடது கண்ணு வேல பழகும். ஏழெட்டு வயசுக்குள்ள பழக்கிட்டா உண்டு, அதுக்கு மேல அந்தக் கண்ண மீட்டெடுக்கது ரொம்பக் கஷ்டம்னாவ. கேட்டியளா? நல்லா இருக்க கண்ண மூடணுமாம்!

வயசானவனுக்குக் கண்ணு மங்கும், சுகர் இருக்கவனுக்கு மங்கும். பால் பல்லே இன்னும் விழல, இதுக்கு என்னத்துக்கு? எங்க பரம்பரையில கண்ணாடி போட்ட ஆளே கெடையாது. நான் செல்போன் குடுக்கதுனாலதான்னு வீட்டுல சொன்னா. அவ மாசமா இருக்கும்போது ஒழுங்காச் சாப்பிடலன்னு நான் சொன்னேன். அன்னைக்கு ரெண்டு பேரும் பேசுன பேச்சு இருக்கே, அத விடுங்க. பொன்னாங்கண்ணிக் கீரை குடுன்னு ஒருத்தர் சொன்னாரு, கேரட்ட அரைச்சுக் குடுன்னு ஒருத்தர். எல்லாம் குடுத்தாச்சு. மாரியம்மனுக்கு வெள்ளியில கண்மலர் சாத்துதேன்னு என் வீட்டுக்காரி நேந்துக்கிட்டா. மாரிச்செல்வின்னு பேரு அவளுக்கு. ஆத்தா தன் பேரு வச்சவளக் கைவிடமாட்டான்னு அவளுக்கு ஒரு நம்பிக்க.

கண்ணாடி வந்த அன்னைக்குத்தான் நான் ஒடஞ்சு போனேன். மூக்கு இன்னும் எந்திரிக்கவே இல்ல, எங்க நிக்கும் கண்ணாடி? பின்னால ஒரு நாடாவ வச்சு மாட்டி விட்டாவ. இடது பக்கத்துக் கண்ணாடி நல்ல தடிமனா, அதுக்குள்ள அந்தக் கண்ணு மட்டும் முழிச்சு முழிச்சுப் பெருசாத் தெரியுது. கடையில எல்லாரும் 'ஐ, சூப்பரா இருக்கு பாப்பா'ங்காவ. இவளும் சிரிச்சுக்கிட்டு எம்மூஞ்சியப் பாக்கா, நான் என்ன சொல்லப் போறேன்னு. நான் திரும்பிக்கிட்டு பில்லுக்குப் பணத்த எண்ண ஆரம்பிச்சிட்டேன் அண்ணாச்சி. ஊருக்குப் போய் பஸ்ஸ விட்டு எறங்கி, பைக்குல முன்னால அவள உக்கார வச்சுக்கிட்டு வாறேன். ரோடு தெரியல எனக்கு. ஓரமா நிப்பாட்டிட்டு நின்னேன். 'ஏன்பா நிப்பாட்டிட்ட?'ன்னு கேக்கா. பெட்ரோல் பாக்கேன்னேன்.

எங்க அக்கா ஒருத்தி சாத்தூர்ல இருக்கா. வீட்டுக்குள்ள நொழையும்போதே, 'என்னல, பொட்டப்பிள்ளைய இப்பிடி ஆக்கி வச்சிருக்கிய'ங்கா. நாங்களா ஆக்குனோம்? அதுலருந்து விசேச வீட்டுக்குப் போனா போட்டோ எடுக்கும்போது கண்ணாடியக் கழட்டிச் சட்டப்பையில போட்டுக்கிடுவேன். அவ 'எடுத்தாச்சாப்பா, மாட்டிக்கிடட்டா?'ன்னு மட்டும் கேப்பா.

கண்ணாடிகூடப் பரவால்ல அண்ணாச்சி, பழகிரும். இந்தப் பிளாஸ்டர்தான். பிச்சு எடுக்கும்போது புருவத்து முடி நாலு கூடவே வருது. அது கூடப் பொறுத்துக்கிடலாம். ஒட்டிட்டா பிள்ள வேற பிள்ளையா ஆயிருதா. ஓடுத பிள்ள, செவத்தப் பிடிச்சுக்கிட்டு நடக்கா. சோத்துத் தட்டுல கைய வச்சுத் தடவுதா. கதவு நிலையில முட்டிக்கிட்டு, வலிச்சாலும் சத்தம் போடாம அங்கேயே நிக்கா. ஒருநாள் நான் அவ முன்னாலதான் சம்மணம் போட்டு உக்காந்திருக்கேன். இந்தா, உங்களுக்கும் எனக்கும் உள்ள தூரம்தான். 'அப்பா, எங்கப்பா இருக்க?'ங்கா.

எப்பிடிப் பொறுக்கும், சொல்லுங்க. நீங்களும் பிள்ள பெத்தவருதான்.

மாரிச்செல்வி துணிக்கடையில நிக்கா, ராத்திரி ஆயிரும் வர. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிளாஸ்டர் போடுத வேல என் தலையில. அவளுக்கு இரக்கமே கெடையாது. போன்லயே 'ஒட்டிட்டியளா, ஒட்டிட்டியளா'ன்னு போலீஸ்காரி மாதிரி கேப்பா. நான் ஒட்டுவேன். பிள்ள ஒருதடவ 'எங்கப்பா இருக்க'ன்னு கேட்டா போதும், எடுத்துருவேன். நான் என்ன கல்லா? எடுத்ததும் அவ மூஞ்சியப் பாக்கணுமே! 'இந்தா இருக்கியே'ன்னு கழுத்தக் கட்டிக்கிடுவா. அம்மா வண்டிச் சத்தம் கேட்டா ரெண்டு பேரும் ஓடிப்போய் ஒட்டிருவோம். எனக்கும் அவளுக்கும் அது ஒரு விளையாட்டு. அவளுக்கு எம்மேல எவ்வளவு உசுருன்னு நெனைக்கிய? அம்மாகிட்ட ஒருநாள் மூச்சு விட்டதில்ல.

போன தடவ வந்தப்பதான் மாட்டிக்கிட்டோம். ரெண்டாவது வரிகூட இடது கண்ணால வாசிக்கல. டாக்டரம்மா பேனாவக் கீழ வச்சுட்டாவ. 'பிளாஸ்டர் ஒழுங்காப் போடுறீங்களா இல்லையா?'ன்னு கேட்டாவ. நான் செவத்துல மாட்டியிருந்த படத்தப் பாத்தேன். மாரிச்செல்வி, 'தெனமும் போடுதோம் டாக்டர், ஒருநாள்கூட விட்டதில்ல'ன்னு அழுதுட்டா. 'அப்ப நேரம் பத்தல, இனி கூட்டணும். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா பள்ளிக்கூடத்துக்கும் பிளாஸ்டரோடதான் போகணும்'னுட்டாவ. நாலு பிள்ளைய முன்னால கண்ண மூடிக்கிட்டு, செவத்தப் பிடிச்சுக்கிட்டு எம்பிள்ள நடக்கணுமா? அன்னைக்கு பஸ்ஸுல வரும்போதே முடிவு பண்ணிட்டேன். இதுக்கு ஒரு வழி பண்ணாட்டா நான் என்ன மாஸ்டரு?

கிட்ட வாங்க. மெதுவாச் சொல்லுதேன்.

உள்ள இருக்க எழுத்து அட்ட இருக்குல்லா, வெளக்கு எரியுமே, அது ஒரே அட்டதான். எனக்கும் அதுதான், உங்களுக்கும் அதுதான். வருசக்கணக்கா மாத்தல. லைசென்ஸ் ஆபீஸ்ல போர்டு மாத்தாத மாதிரிதான். ஒவ்வொரு தடவையும் பிள்ளைய டெஸ்ட் பண்ணும்போது கூடவே நின்னு பாத்ததுல முழுசும் மனசுல ஏறிக் கெடந்துச்சு. மேல ப. அதுக்குக் கீழ ட, ம. அப்புறம் க, ய, ச. அதுக்கும் கீழ ந, ர, வ, த. வீட்டுக்குப் போய் ஒரு மெட்டுப் போட்டேன். சின்னப் பிள்ளைல்லா, பாட்டா இருந்தா டக்குன்னு பிடிச்சுக்கிடும். நான் பைக்குல போகும்போது பாடுவேன், அவ முன்னால உக்காந்து பாடுவா. குளிக்கும்போது பாடுவா. உங்களுக்கு அங்க என்னட்டி பாட்டுன்னு அம்மா கேட்டா, பள்ளிக்கூடத்துப் பாட்டுன்னுருவா.

அதோட விட்டேனா? எல்லாத்தையும் சரசரன்னு சொன்னா சந்தேகப்படுவாவல்லா. கடேசி வரியில ஒரு எழுத்த யோசிச்சுச் சொல்லு, கண்ணச் சுருக்கிச் சொல்லுன்னு பழக்கினேன். எங்கிட்ட வாற ஆளுகளுக்கும் அப்பிடித்தான், சைடு கண்ணாடியப் பாத்த மாதிரி கழுத்தத் திருப்புங்கன்னு சொல்லிக் குடுப்பேன். இன்னைக்குக் காலையில பஸ்ஸுல ஒருதடவ காதுக்குள்ள பாடிக் காட்டுனா. ஒரு பிசிறு இல்ல. பாஸாயிட்டா கடலைமிட்டாய்னு சொல்லியிருக்கேன். இந்தா, பையில வச்சிருக்கேன். எங்க ஊர் மிட்டாய், தம்பிக்கும் ஒண்ணு தாறேன்.

உங்க பையனுக்கும் சொல்லிக் குடுத்துருங்க அண்ணாச்சி. அடுத்த தடவ வரும்போது ஒதவும். எழுதிக்கிடுதியளா?

ஏன் அப்பிடிப் பாக்கிய?

கண்ணா? கண்ணு அது பாட்டுக்குச் சரியாயிரும். அதான் கண்ணாடி போட்டிருக்கால்லா. வளர வளர எல்லாம் சரியாயிரும். பிள்ளையக் கொடுமப்படுத்தித்தான் சரியாகணுமா?... என்னது? பாஸாயிட்டா பிளாஸ்டர நிப்பாட்டிருவாவளா? நிப்பாட்டட்டுமே. அதுக்குத்தான இவ்வளவும். நிப்பாட்டுனாத்தான் பிள்ள... ஏழெட்டு வயசா? நாந்தான் சொன்னேன், ஞாபகம் இருக்கு. இப்ப ஆறு நடக்கு அவளுக்கு. இன்னும் நாள் கெடக்குல்லா. டாக்டருக அப்பிடித்தான் பயங்காட்டுவாவ.

இங்க பாருங்க, அந்த ஜவுளிக்கடைக்காரர எதுக்கு இப்ப இழுக்கிய? அது காரு. அவரு கடை ஷட்டரு. அது வேற, இது வேற. உங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாருங்க.

இந்தா வந்துட்டாவ. பேசாம இருங்க அண்ணாச்சி, ஒங்களக் கும்புடுதேன்.

என்னட்டி, பாஸா? ஏய், பாத்து, பாத்து, விழுந்துராத! என்ன மாரி, ஏன் அழுத? சொல்லிட்டு அழு... நாலு வரியா? முழுசா நாலு வரியும் வாசிச்சிட்டாளா? டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டாவளா?... ஓ. பிளாஸ்டர் வேண்டாம்னுட்டாவளா? இனிமேவா? ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதுமா?

இல்ல மாரி, சந்தோசம்தான். சந்தோசம் இல்லாம என்ன. திடீர்னு சொன்னதும் ஒண்ணும் ஓடல, அவ்வளவுதான்... அதெல்லாம் எதுக்கு இப்ப சொல்லுத? நீ என்னச் சந்தேகப்பட்டா என்ன, நான் என்ன பெருசா... ஒட்டினேன். சாயங்காலம் சாயங்காலம் ஒட்டினேன். விடு, எல்லாரும் பாக்காவ. கையெடுத்துக் கும்புடாத மாரி, ஏய், என்னப் போய்க் கும்புடுத? ஆத்தாதான் கண்ணத் தொறந்தா, சரி. கண்மலர் வாங்கிருவோம். இன்னைக்கேவா? சரி, இன்னைக்கே வாங்குவோம். நீ போய் உங்கம்மாவுக்குப் போனப் போட்டுச் சொல்லு, இங்க உள்ள சிக்னல் கெடைக்காது. பிள்ள எங்கிட்ட இருக்கட்டும்.

பாத்தியளா அண்ணாச்சி? எங்கிட்டத் தோக்காத ஆளு, என்னக் கும்புட்டுட்டுப் போறா.

ஏட்டி கனி, இங்க வா. மடியில உக்காரு. சமத்துப் பிள்ள. அப்பா உனக்கு ஒரு சின்ன டெஸ்ட் வைக்கட்டா? ஆமா, இது கடேசி டெஸ்ட். கண்ணாடி இருக்கட்டும், கழட்டாத. அப்பா கைய வச்சு இந்த வலது கண்ண மட்டும் பொத்திக்கிடுதேன். வலிக்கா? வலிக்கலைல்லா.

இந்தா, அப்பா கையில என்ன வச்சிருக்கேன்? இந்தக் கையில. உம்மூஞ்சிக்கு நேரதான் பிடிச்சிருக்கேன். நல்லாப் பாரு. உனக்குப் பிடிச்சதுதான். என்னதுன்னு சொல்லு பாப்போம்.

...பாடாதம்மா. பாட்டு வேண்டாம். ப, ட, ம எல்லாம் வேண்டாம் தாயி. அது முடிஞ்சு போச்சு. கைல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு. கண்ணச் சுருக்க வேண்டாம்ட்டி... ஐயோ, கடேசி வரியையும் பாடுதாளே. யோசிச்ச மாதிரி நிப்பாட்டிப் பாடுதா பாருங்க அண்ணாச்சி, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே.

பாஸுதான். பாஸுதான்மா. அப்பா அழல.

இப்ப நான் என்ன செய்யட்டும் அண்ணாச்சி? அவ வெளிய நின்னு அவங்கம்மாகிட்டச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கா, கண்ணாடிக் கதவு வழியாத் தெரியுதுல்லா. கல்யாணத்தன்னைக்குக்கூட அவ இப்பிடிச் சிரிச்சு நான் பாக்கல. அவகிட்டப் போய் என்னன்னு சொல்ல? டாக்டரம்மாகிட்ட என்னன்னு சொல்ல? நீங்க சொல்லுதியளா? உங்களுக்கு நான் யாரோதான், இருந்தாலும்... வேண்டாம். வேண்டாம், நீங்க தம்பியப் பாருங்க.

ஏட்டி, கையத் தள்ளாத. இல்ல, எடுக்கமாட்டேன். அப்பா எடுக்கமாட்டேன். அழு, பரவால்ல.

எங்கப்பா இருக்கன்னு கேக்கா அண்ணாச்சி.

டாக்டரம்மா ரூம் அந்த ரெண்டாவது கதவுதான? எனக்கு இப்ப ஒண்ணும் தெரிய மாட்டேங்கு, எல்லாம் கலங்கலா இருக்கு. இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. அவ வந்து கேட்டா, அப்பாவும் பிள்ளையும் திரும்ப உள்ள போயிருக்காவன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் வந்து சொல்லிக்கிடுதேன்.

வா தாயி. இங்கதான் இருக்கேன், ஒனக்கு முன்னாலதான் இருக்கேன். தேடிப் பாரு. இல்லம்மா, கைய எடுக்கமாட்டேன். நீ தேடு.